ஸ்டிரைக் அன்று ஓடிய வண்டி

என் அக்கா சிலுவையம்மாள் தூங்கி விழாத இடம் திருவொற்றியூரில் இல்லை. ரேஷன் கடை வரிசையில் தூங்கியிருக்கிறாள். தேரடி பஸ் நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கியிருக்கிறாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கி, மரத்துப்போக ஊசி போட வந்தவரைத் திகைக்க வைத்திருக்கிறாள். ஒரு நாள் டோல்கேட்டில் என் ஷேர் ஆட்டோவில் ஏறியவள், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் எண்ணூர் போய், அதே வண்டியில் டோல்கேட் திரும்பி, மறுபடியும் எண்ணூர் போய்விட்டாள். அவள் தலை சாய்ந்த தோளுக்குச் சொந்தக்காரர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

"ஏன்டா எழுப்பல?" என்று கேட்டாள்.

"எழுப்பினா மட்டும் இன்னா, வூட்டுக்குப் போயி தூங்கப் போற. இங்கயே தூங்கு, காத்தாவது வருது" என்றேன்.

தம்பியாகப் பிறந்துவிட்டால் அக்காவைக் கிண்டல் செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் அவளைச் சோம்பேறி என்று வேறு யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பாள், சமைப்பாள், எட்டரைக்கு வேலைக்குப் போவாள். இத்தனைக்கும் முந்தைய ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியிருப்பாள். எழுந்த கையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். மற்றவர்களுக்குத் தூங்கினால் அசதி போகும். அவளுக்குத் தூங்கி எழுந்த பிறகுதான் அசதியே ஆரம்பிக்கும்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடை வேலை. டிரெய்லர் மேடைமேல் ஏறி நிற்கும். அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எடையைப் பார்த்து, சீட்டு அடித்து, ஜன்னல் வழியாக நீட்டி, "அடுத்த வண்டி வா" என்பாள். பதினெட்டு வருடமாக இதே வசனம்தான். அந்த யார்டுக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் இரவும் பகலும் வரிசையில் நிற்கும், என்ஜினை அணைக்காமல். எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தை அம்மாவின் தாலாட்டுக்கு முன்னால் ஏர் பிரேக் சத்தத்தைக் கேட்டுவிடும்.

கீழ் வீட்டில் அக்காவும் அவள் புருஷன் வால்டர் மாமாவும். மாடியில் நானும் என் மனைவி கரோலினும். மாமா துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தம் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டுதான் அவரை வெளியே விட்டது. கப்பல் ஊதினால்கூடத் தரை அதிர்வதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். கட்டிக்கொடுத்த மகள் ஆசையாக ஒரு காது மிஷின் வாங்கி அனுப்பினாள். அதை மாட்டினால் கடுகு தாளிப்பது பட்டாசு வெடிப்பது போலக் கேட்கிறது என்று சொல்லி, ஊசி நூல் வைக்கிற பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு ஒரு பதவி உண்டு.

எங்கள் மாதா கோயில் பங்கில் நாலைந்து தெருவைச் சேர்த்து ஒரு குழு, அதற்கு அன்பியம் என்று பெயர். அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சிலை, நாங்கள் சொல்கிற சுரூபம், தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வோம். எங்கள் அன்பியத்தில் முப்பத்தொரு வீடு, அக்டோபருக்கும் முப்பத்தொரு நாள். "ஆண்டவரு கணக்குப் போட்டுத்தான் தெருவ கட்டிகீறாரு" என்பாள் அக்கா. அந்த முப்பத்தொரு நாளும் ஜெபமாலையை நடத்துபவள் அவள்தான். பதினாறு வருடமாக. பள்ளிக்கூடத்தில் "உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய தொண்டை?" என்று அடி வாங்கித் தந்த குரல் அது. எட்டாவதோடு படிப்பு நின்றது. டீச்சராக ஆசைப்பட்டவள் எடை போடப் போனாள். வருடத்தில் ஒரு மாதம் அந்தக் குரலைக் கேட்க ஜனம் பாய் விரித்து உட்காருகிறது என்பதுதான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய சந்தோஷம். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் இடத்தில் பதினொரு வருடமாகக் காத்திருப்பவள் என் மனைவி கரோலின். அவளுக்கும் நல்ல குரல்தான். நான் இதில் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க வேண்டாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆகஸ்டில் யார்டில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். அக்கா கையை நீட்டினாள், அவர்கள் ரத்தம் எடுக்கும் இடைவெளியில் ஒரு சின்னத் தூக்கம் போட்டாள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்டில் ஆறு புள்ளி ஒன்று வந்தது. "சுகர் இன்னும் வரலை. பார்டர்ல இருக்கீங்க" என்றார்கள்.

அக்கா வீட்டுக்கு வரும் வழியில் நாலு ஜாங்கிரி வாங்கி வந்தாள். இதென்ன கொடுமை என்றேன்.

"பார்டர்லதான கீறேன். இன்னும் தாண்டலயே. தாண்டறதுக்கு முன்னாடி சாப்ட்டாதானடா உண்டு" என்றாள். நான் இரண்டைப் பிடுங்கித் தின்றேன். அவளைக் காப்பாற்றத்தான்.

அசதிக்குக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையில் தெருவே இறங்கியது. முனையில் இட்லி விற்கும் பூவம்மா, "கண்ணு பட்டுகீது. அந்தக் குரலுக்கு எத்தினி பேரு கண்ணு" என்று மிளகாய், உப்பு சுற்றி நெருப்பில் போட்டாள். கமறல் தாங்காமல் நாங்கள் எல்லாரும் வெளியே ஓடினோம். திரும்பி வந்தபோது அக்கா அந்தப் புகையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். ரத்தம் கம்மி என்றார் மாமா, ஞாயிற்றுக்கிழமைதோறும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்தார். தைராய்டு என்றாள் கரோலின். அவளுக்கு போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. சோறுதான் காரணம் என்றேன் நான், ஏனென்றால் மலை மாதிரி சோற்றைத் தட்டில் குவிப்பதை நான்தான் தினம் பார்க்கிறேன். யார் சொன்னதையும் அக்கா தட்டவில்லை. ஒரே நாளில் பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், சுவரொட்டி வறுவல் மூன்றையும் முடித்து, "வவுத்துக்குள்ள மீட்டிங் நடக்குதுடா நைனா" என்று படுத்துவிட்டாள்.

கடைசியில் டாக்டர் சாபிராவிடம் கூட்டிப் போனேன். எங்கள் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெண், பொறுமைசாலி.

"அசதிக்குக் காரணம் ஒண்ணுதான்னு இல்லம்மா" என்றார் டாக்டர். "பார்டர்ல இருக்கும்போதே சாப்பிட்ட சர்க்கரை உடம்புக்குச் சரியா பயன்படாம சோர்வு வரலாம். சோத்தை அள்ளிச் சாப்பிட்டா சர்க்கரை சரசரன்னு ஏறி, இறங்கும்போது ஆளைச் சாய்ச்சுடும். ரத்தம் கம்மியா இருக்கலாம். தைராய்டு, சில வைட்டமின் குறைவு, மனக்கவலை, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, எடை அதிகம், எது வேணா இருக்கலாம். பலது சேர்ந்தும் இருக்கலாம். ஒண்ணொண்ணா பார்ப்போம்."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தைராய்டு சுத்தம், கரோலினுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ரத்தம் லேசாகக் கம்மி, மாத்திரை கொடுத்தார்கள். மாமா மீசையை நீவிக்கொண்டார். வைட்டமின் டி குறைவு என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெட்ராஸ் வெயிலில், கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் குடியிருப்பவளுக்கு வெயில் பற்றவில்லையாம். ஒன்பது மணி நேரம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தால் எங்கிருந்து வரும் என்று டாக்டர் கேட்டார், அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

நடக்கச் சொன்னார். அக்காவும் கரோலினும் சாயங்காலம் கடலோரம் நடந்தார்கள். சரியாக நாற்பது நிமிடம் நடந்து பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் ஒரு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். அங்கே இரண்டு தட்டு அத்தோ, கூடவே முட்டை. பிறகு ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள், என்னுடைய ஷேர் ஆட்டோவிலேயே. சோற்றைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அக்கா காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். பதினொரு மணிக்குப் பசி பிராணனை வாங்கும். நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் இரண்டு பன்னை முக்கித் தின்பாள். பன்னிரண்டு மணிக்கு எடைமேடையில் தலை சாய்ந்துவிடும். டிரெய்லர்காரர்கள் ஹாரன் அடித்து எழுப்புவார்கள்.

"பட்டினி கிடக்கச் சொன்னேனா நான்?" என்று டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "தூங்கும்போது குறட்டை வருமா?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த மாமாவின் காதருகில் குனிந்து நான் அந்தக் கேள்வியை இரண்டு தடவை கத்தினேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா டாக்டரம்மா இப்டி கேட்டுட்டீங்கோ. முப்பது வருசமா பக்கத்துலயே படுத்துகினு கீறேன். ஒரு சத்தம் வந்ததில்ல. கொழந்த மாதிரி தூங்குவா" என்றார்.

"மாடியில இருக்கீங்களே, உங்களுக்குக் கேட்டிருக்கா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"எங்களுக்கு லாரி சத்தம்தாம்மா கேக்கும்" என்றேன்.

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். கப்பல் ஊதினால் கேட்காத மனுஷன் சாட்சி சொல்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து நான் தலையாட்டுகிறேன்.

அக்டோபர் பிறந்தது. நாலாம் நாள் பூவம்மா வீடு. பூவம்மா அம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் மாதா தன் வீட்டுக்கு வராவிட்டால் தெருவில் நின்று சண்டை போடுவாள், அதனால் அவள் வீடும் கணக்கில் உண்டு. மாலையில் பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து பத்துமணியும் நல்லபடியாக முடிந்து மன்றாட்டு மாலைக்கு வந்தோம். அதில் நடத்துபவர் மாதாவின் ஒவ்வொரு புகழாகச் சொல்லச் சொல்ல, நாம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரே ராகம், ஒரே தாளம், மின்விசிறிக் காற்று வேறு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

"நாப்பத்திரண்டு டன்" என்றாள் அக்கா, அதே ராகத்தில்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது மொத்தக் கூட்டமும்.

"சீட்ட வாங்கிக்கோ."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"தார்ப்பாய ஒயுங்கா கட்டு."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும்போதே நாலைந்து பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு, அடுத்த வண்டி வா" என்று சொல்லிவிட்டு அக்கா பக்கவாட்டில் சாய்ந்தாள். சிரிப்பை அடக்கிய சத்தம் ஒரு பக்கம், "மாதாவே" என்று வாயைப் பொத்திய சத்தம் ஒரு பக்கம். வால்டர் மாமா மட்டும் கண்ணை மூடியபடி, எப்போதும் போல எல்லாருக்கும் அரை வரி பின்னால், தன்னந்தனியாக "வேண்டிக்கொள்ளும்" என்று முடித்தார்.

மறுநாள் அன்பியக் கூட்டம். யாரும் கடுமையாகப் பேசவில்லை, அதுதான் அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உடம்பு சரியாகும் வரை கரோலின் நடத்தட்டும் என்றார்கள். முப்பத்தொன்றாம் நாள் எங்கள் வீட்டில், பங்குச் சாமியார் வருகிற நாள். அன்றைக்கு அக்கா முழுசாக நடத்தினால் பதவி அவளிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் இனிமேல் கரோலின்தான் என்று முடிவானது.

அக்கா வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். "எடைமேடைல தூங்குனா சூப்பர்வைசர் திட்டுவான், போயிட்டுப் போவுது. மாதா எதுர்ல தூங்கிட்டேனேடா நைனா. எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான" என்றாள். மாடிக்குப் போனால் கரோலின் மன்றாட்டு மாலையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இறங்கி வந்து ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பத்தாம் தேதி டிரெய்லர் ஸ்டிரைக் ஆரம்பித்தது. ஒரு வண்டி ஓடவில்லை. எங்கள் வாசல் வரைக்கும் நின்ற வரிசை முழுக்கக் காலி. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அமைதியை அந்தத் தெருவில் கேட்டதில்லை. காக்கா கத்துவது கேட்டது. நாலு வீடு தள்ளி அப்பளம் உடைவது கேட்டது. சிலருக்கு அந்த அமைதியில் தலைவலியே வந்தது. யார்டும் மூடியதால் அக்காவுக்கு லீவு. இரண்டாம் நாள் மத்தியானம், டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு கிண்ணம் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்தாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் வெளியே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொடி கட்டிய பைக்குகளில் ஏழெட்டுப் பேர் தெருவுக்குள் வந்தார்கள். முன்னால் பகலவன், டிரெய்லர் டிரைவர் சங்கச் செயலாளர், தானும் இருபது வருட டிரைவர். முகம் சிவந்திருந்தது.

"எவன்டா அது, ஸ்டிரைக் அன்னிக்கி வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிகினு கீறது?" என்றார்.

"வண்டி ஏதுண்ணே இங்க" என்றேன்.

"காதுல இன்னா வச்சிகினு கீற? நல்லா கேளு."

கேட்டேன். உண்மைதான், எங்கேயோ ஒரு என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் எனக்கு அது சத்தமாகவே தோன்றவில்லை. பகலவன் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நாடி பார்க்கிற வைத்தியர் போல நின்றார்.

"பதினாலு வீலு வண்டி" என்றார். "ஐடிலிங்ல கீது. டீசல் லைன்ல காத்து புடிச்சிகினு கீது. பாரு, இப்ப நிக்கும்."

சத்தம் நின்றது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். பகலவன் விரலை மடக்கி எண்ணினார். பதினைந்தில், அடைத்த குழாயில் தண்ணீர் பீறிட்ட மாதிரி ஒரு செருமல், பிறகு மறுபடி 'கர்ர்' என்று பிடித்துக்கொண்டது.

"சொன்னேன்ல. எங்க ஒளிச்சி வச்சிகீறானுங்கோ? வாங்கடா" என்றார்.

முட்டுச் சந்து வரைக்கும் போனார்கள். அங்கே சத்தம் குறைந்தது. திரும்பி வந்தார்கள், கூடியது. பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தார்கள். ஒருவர் என் ஆட்டோவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எனக்கு ரோஷமாகிவிட்டது, பதினாலு சக்கரத்தை நான் அதற்குள் எங்கே ஒளிப்பது? கடைசியில் எல்லாரும் எங்கள் வீட்டு ஜன்னல் முன்னால் வந்து நின்றார்கள்.

உள்ளே என் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. என்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அடி தள்ளி வால்டர் மாமா பேப்பரில் ராசி பலன் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது, கொடியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. பகலவன் மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் நின்றபோது அவர் விரல் மறுபடி எண்ணியது. இந்தத் தடவை இருபது வரை போனது. அக்காவின் நெஞ்சு ஏற முயன்று ஏற முயன்று தோற்பதை அப்போதுதான் நானும் பார்த்தேன். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டா" என்றார் பகலவன். "இது வண்டியா இருந்தா நான் ரோட்ல எறக்க மாட்டேன். நின்னு நின்னு புடிச்சா இஸ்துகினு போவ தெம்பு எங்கந்து வரும்? ராத்திரி பூரா இப்டி ஓடிட்டு, பகல்ல எப்டி லோடு அடிக்கும்? யக்காவ டாக்டராண்ட இட்டுகினு போ."

எத்தனை டெஸ்ட், எத்தனை சாறு, எத்தனை வீடியோ. காரணத்தைச் சொன்னது ஒரு டிரெய்லர் டிரைவரின் காது. யோசித்துப் பார்த்தால் எங்கள் கூத்து இன்னும் பெரியது. அக்கா எடைமேடையில் தூங்குவதால் வண்டிகள் தெருவில் நிற்கின்றன. வண்டிகள் நிற்பதால் அவள் குறட்டை யாருக்கும் கேட்கவில்லை. கேட்காததால் அவள் மறுநாளும் எடைமேடையில் தூங்குகிறாள்.

அக்கா தூங்குவதை நான் போனில் எடுத்த வீடியோவை டாக்டர் சாபிரா முழுதாகப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார், அவர் காதைப் பார்த்தார், என்னை நிறைய நேரம் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்து, தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு அடைபடுகிறது என்று சொன்னார்கள்.

"எடை, பார்டர் சுகர், இந்த மூச்சடைப்பு, மூணும் தோஸ்துங்க. ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் பின்னாடியே வரப் பார்க்கும்" என்றார் டாக்டர். "தூங்கும்போது மாஸ்க் மிஷின் போடுங்க. அசதி குறையும். அதுக்காகச் சர்க்கரை தானா போயிடும்னு நெனைக்காதீங்க. காலையில சாப்பிடணும், நடக்கணும். அத்தோ வண்டி இல்லாத பக்கமா நடக்கணும்."

மிஷின் வாடகைக்கு வந்தது. மூக்கில் மூடி, அதிலிருந்து ஒரு குழாய். மாட்டிக்கொண்ட அக்காவைப் பார்த்து, பாதி யானை, பாதி வெல்டர் என்று நான்தான் சொன்னேன். அவள் கழற்றி எறிந்தாள். "மூஞ்சில பைப்போட நான் செத்து வச்சா மாதாவுக்கே அடையாளம் தெரியாது" என்றாள்.

அப்போது மாமா எழுந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். டாக்டர் சொன்னதை நான் எழுதிக் காட்டியதிலிருந்து அவர் பேப்பரைத் தொடவே இல்லை. ஊசி, நூல், பொத்தான் எல்லாவற்றையும் கொட்டி, காது மிஷினை எடுத்து, புது பேட்டரி போட்டு மாட்டிக்கொண்டார்.

"பக்கத்துலயே படுத்துகினு இருந்தனே சிலுவ. கொழந்த மாதிரி தூங்குறான்னு டாக்டராண்ட சொன்னனே" என்றார். கண்ணில் தண்ணீர். "நீ இத்த மாட்டு. நான் இத்த மாட்டுறேன். ரெண்டு பேரும் கலீஜாவே இருப்போம்."

அக்கா மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கண் அயர்ந்தால் போதும், மாமா நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இன்னா பண்றீங்கோ என்று கேட்டால், "மூச்சு வருதான்னு பாத்துகினு கீறேன், நீ போ" என்பார். அடுப்பில் கடுகு தாளித்தால் இன்னும் துள்ளி விழுவார். ஆனால் கழற்ற மாட்டார்.

நாலைந்து நாளில் அக்கா வேறு ஆளாகிவிட்டாள் என்று சொன்னால் அது கதை. முதல் வாரம் எரிச்சலும் மூக்குப் புண்ணும்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் என் ஆட்டோவில் ஏறி, எண்ணூர் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். எனக்குத் தலை வலித்தது. ஸ்டிரைக் முடிந்து யார்டு திறந்ததும், எடைமேடையில் வரிசை குறைந்து, டிரெய்லர்காரர்கள் பூவம்மாவின் கடையில் நின்று இட்லி சாப்பிட நேரம் இல்லாமல் போனது. "நல்லா இருந்தவள கெடுத்துட்டீங்கடா" என்று பூவம்மா என்னைத் திட்டினாள்.

முப்பதாம் தேதி கரோலின் என்னிடம் சொன்னாள்: "எனக்கு அந்தப் பதவி வேணும்தான். இல்லன்னு சொன்னா பாவம். ஆனா மேல படுத்துகினு லாரி, லாரின்னே இருந்துட்டேனேன்னு நெனச்சா பேஜாரா கீது. நாளிக்கி அக்கா நல்லா சொல்லணும்னு ஒரு அம்பத்திமூணு மணி ஜெபமாலை தனியா சொல்லிட்டேன்." எனக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம் வந்தது. அதை அவளிடமே சொன்னேன். "போ, போயி பாயி விரி" என்றாள்.

முப்பத்தொன்று. எங்கள் வீட்டுக் கூடம் நிரம்பி, படியிலும் ஜனம். பங்குச் சாமியார் நாற்காலியில். பகலவன்கூடத் தன் தோழர்களோடு வாசலில் வந்து நின்றார், வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க. அக்கா முழந்தாளில் நின்று ஆரம்பித்தாள். அந்தப் பெரிய தொண்டை தெருக்கோடி வரை போனது. ஐந்து பத்துமணியும் ஒரு சறுக்கல் இல்லாமல் முடிந்தது. மன்றாட்டு மாலை தொடங்கியது.

நாலாம் நாள் விழுந்த அதே இடம் வந்தது. அக்கா நிறுத்தினாள். கண் மூடியிருந்தது.

ஒரு நொடி போனது. இரண்டு நொடி. கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். கரோலின் என் கையைக் கிள்ளினாள். சாமியார் லேசாகச் செருமினார். அக்கா அசையவில்லை. போயிற்று, பதினாறு வருடம் போயிற்று என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து வால்டர் மாமா எழுந்து நின்றார். காது மிஷினை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"பயப்படாதீங்கோ" என்றார். "மூச்சு வருது. நல்லா வருது. எனக்குக் கேக்குது."

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "யோவ், நான் தூங்கலய்யா. தும்மல் வர மாதிரி இருந்திச்சி, நிறுத்துனேன். குந்து, குந்தி ஜெபத்துக்குப் பதிலு சொல்லு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது தும்மலுக்காக இல்லை. சாமியாரே சிரித்துவிட்டார்.

பிறகு அடுத்த புகழைச் சொன்னாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மாமா எங்களோடு சேர்ந்தே சொல்லி முடித்தார்.